கிளாடிஸின் வலது கை

மதுக்கரை மார்க்கெட் ரோட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்களுக்கு கிளாடிஸைத் தெரியாமல் இருக்காது. மளிகைக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் ஒரு தையல் கடை. இருபத்தாறு வருடமாக அதில் முதலாளியும் அவள்தான், வேலைக்காரியும் அவள்தான். வாடிக்கைக்காரி படியேறும்போதே கைச் சுற்றளவைக் கண்ணால் எடுத்துவிடுவாள். மனதுக்குள் பன்னிரண்டேகால் என்று சொல்லிக்கொண்டு பிறகுதான் டேப்பை வைப்பாள். கால் அங்குலம்கூடப் பிசகாது. கல்யாண ஜாக்கெட்டுக்கு எட்டிமடையிலிருந்தெல்லாம் தேடி வருவார்கள்.

அவளைப் பற்றி இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். எதையும் மறக்கமாட்டாள். கால் மீட்டர் லைனிங் துணியைத் திருடிவிட்டாள் என்று ஒருத்தி கடை வாசலில் நின்று சத்தம் போட்டு இருபது வருடம் ஆகிறது. அந்த வீட்டுக்கு அன்றிலிருந்து அவள் ஊசி எடுத்ததில்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பெண், விவரம் தெரியாமல் துணியோடு வந்தபோதும், "உங்க மாமியாரைக் கேட்டுட்டு வாங்க கண்ணு, அவங்களுக்குத் தெரியும்" என்று சிரித்தபடியே திருப்பி அனுப்பிவிட்டாள்.

கணவன் ஜெரால்டு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். சாது. மகள் கல்யாணமாகி ஓசூரில் இருக்கிறாள்.

நாற்பத்தேழாவது வயதில் கிளாடிஸின் வலது மார்பில் கட்டி வந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். பிறகு ஊசி மருந்து, கரண்ட் வைப்பது என்று சொல்லும் கதிர்வீச்சு. ஒன்பது மாதத்தில் முடி போய், முடி வந்து, "சீக்கு போயிருச்சுங்கம்மா" என்று டாக்டர் சொன்ன நாளில் ஜெரால்டு வேனில் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

கை அதற்கு அடுத்த வருடம்தான் வீங்கத் தொடங்கியது. முதலில் மோதிரம் கழலவில்லை. பிறகு கத்தரிக்கோலின் வளையத்துக்குள் கட்டை விரல் நுழையவில்லை. ஒரு நாள் தன் ஜாக்கெட்டின் வலது கை முழங்கைக்கு மேல் ஏற மறுத்தபோது டேப்பை எடுத்துச் சுற்றிப் பார்த்தாள். பதினான்கரை. இடது கை பதினொன்றுதான். ஒரே உடம்பில் இரண்டு பெண்களின் கை.

டாக்டர் பார்த்தவுடன் சொன்னார். உடம்பில் ஓடுகிற நிணநீர் வடிந்துபோகும் வழிதான் அந்த நெறிக்கட்டிகள். அவை போனதாலும் கரண்ட் வைத்ததாலும் நீர் கையிலேயே தேங்குகிறது. பிசியோதெரபி பிரிவுக்குப் போகச் சொன்னார். தினமும் பட்டை கட்ட வேண்டும், இறுக்கமான உறை போட வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும்.

"எத்தனை நாளைக்குங்க?"

"வாழ்நாள் முழுக்கம்மா. கட்டுக்குள்ள வெக்கலாம். முழுசா போகாது."

அந்த ஒரு வார்த்தைதான் அவளை வழி மாற்றியது. மார்பையே கொடுத்தாகிவிட்டது, இன்னும் வாழ்நாள் முழுக்க என்றால் எப்படி? பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவள் போகவே இல்லை. கடைக்கு வந்த பெண்களில் ஒருத்தி, "அக்கா, இது ஒட்டிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுத் துணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள். சத்தியமங்கலத்தில் ஒருத்தர் இருக்கிறார், மலை மூலிகையில் பதினோரே நாளில் வீக்கத்தை இறக்கிவிடுகிறார் என்று யாரோ சொன்ன மறுவாரமே ஜெரால்டு லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனான்.

'அமிர்தகரம் நலவாழ்வு மையம்' என்று போர்டு. உள்ளே சாய்சரண். நாற்பது வயதுக்காரர், வெள்ளை ஜிப்பா, மெல்லிய பேச்சு. கிளாடிஸின் கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வாழ்நாள் முழுக்க கட்டுப் போடணும்னு சொன்னாங்களாக்கும்?"

"ஆமாங்க."

"கெட்ட நீருங்கம்மா. எறக்கிபோட்டா முடிஞ்சுது. பதினோரு நாளு. பன்னெண்டாம் நாளு நீங்க கத்தரி புடிச்சுத் துணி வெட்டோணும். நான் வந்து பாக்கறேன்."

கிளாடிஸ் அந்த இடத்திலேயே அழுதுவிட்டாள். அழுதது பின்னால் அவளுக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

முதல் நாள் கையைப் போட்டோ எடுத்தார். பிறகு சூடான எண்ணெயை ஊற்றி இரண்டு ஆட்கள் கட்டை விரலால் எலும்பு வரைக்கும் அழுத்தித் தேய்த்தார்கள். இலை அரைத்துப் பூசித் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். மூன்றாம் நாள் காலையில் முன்னங்கையில் பிளேடால் ஏழு கீறல் போட்டு, நீர் சொட்டுவதைக் கிண்ணத்தில் பிடித்து ஜெரால்டிடம் காட்டினார். "பாருங்க, இத்தனையும் வெசம்."

அன்று மத்தியானமே குளிர் ஜுரம் தூக்கிப் போட்டது. கை தோள் வரை செக்கச் செவேலென்று சிவந்து கொதித்தது.

"காய்ச்சல் வர்றது நல்லதுங்க. வெசம் எறங்குது" என்றார் சாய்சரண்.

மறுநாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அப்போதுதான் அந்த மெல்லிய பேச்சு மாறியது. "நீங்க பத்தியத்தைக் கெடுத்திருக்கறீங்க. எங்க வளாகத்துல இருக்க வேண்டாம், கூட்டிட்டுப் போங்க" என்று ஆளை விட்டு அவளைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். ஜெரால்டு சாய்சரணுக்கு நான்கு தடவை போன் அடித்தான். எடுக்கவில்லை.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எட்டு நாள். கைத்தோலில் கிருமி புகுந்து ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றும் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து டேப்பை வைத்தபோது பதினாறரை.

படுத்தே கிடந்தாள். சாப்பிடக்கூட இடது கைதான். ஜெரால்டு தன் மேல்தான் தப்பு என்று புலம்பினான். அவள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்னைத்தான் திட்டிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து, பரிசோதனைக்குப் போகும்போது காந்திபுரத்தில் பஸ் மாற இறங்கினார்கள். எதிரே ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர். அமிர்தகரம். நடுவில் கைகூப்பி நிற்கும் சாய்சரண். அவருக்கு இடப்பக்கம் 'சிகிச்சைக்கு முன்' என்று ஒரு வீங்கிய கை. முழங்கைக்குக் கீழே கப்பல் மாதிரி ஒரு தழும்பு. கல்யாணமான புதிதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு அது.

கிளாடிஸ் ரோட்டோரத்தில் அப்படியே நின்றாள். வலப்பக்கம் 'பதினோரு நாளில்' என்று ஒரு மெலிந்த கை. அதை அவள் டெய்லர் கண்ணால் பார்த்தாள். இருபது வயதுப் பெண்ணின் கை. அதுவும் இடது கை. படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க, அது என்ற கைங்க" என்றாள்.

ஜெரால்டுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் கண் கலங்கியது. அவள் கண் கலங்கவில்லை. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து உடம்புக்குள் ஏதோ அணைந்து கிடந்தது. அது அன்று காந்திபுரத்தில் பற்றிக்கொண்டது.

"அந்தாளை நான் உடமாட்டேன்" என்றாள். "சாமி மேல சத்தியமா உடமாட்டேன்."

அன்றைக்கே பிசியோதெரபி பிரிவுக்குப் போனாள். அங்கே லாஸ்யா என்ற இளம்பெண். முதல் நாள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். தூக்கம் வருகிறதா, வெளியே போகக் கூச்சமாக இருக்கிறதா, தலை சீவ முடிகிறதா. கடைசியில், "இந்தக் கையால மறுபடி எதைச் செய்யணும்னு ஆசைப்படறீங்க அக்கா? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஒருத்தர் சப்பாத்தி தேய்க்கணும்னாங்க. ஒருத்தர் பேரனைத் தூக்கணும்னாங்க."

"ஒருத்தனை அறையோணும் கண்ணு."

லாஸ்யா நிமிர்ந்து பார்த்தாள். கிளாடிஸ் விளையாடவில்லை என்று தெரிந்ததும் பேனாவை வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். கேட்டு முடித்துப் படிவத்தில் இப்படி எழுதினாள்: 'தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, முன்னோக்கி வீசுதல்.'

"இப்போ உங்க கை இடுப்புக்கு மேல வரலை அக்கா. மாசக்கணக்கு ஆகும்."

"ஆகட்டும்."

சாய்சரணின் ஆட்கள் எலும்பு தெரிய அழுத்திய கையை லாஸ்யா தொட்டதே தெரியவில்லை. ஒரு ஐந்து ரூபாய் நாணயம் தோலில் உட்கார்ந்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் அழுத்தம். கழுத்தில் தொடங்கி, தோளுக்கு வந்து, பிறகுதான் கைக்கு இறங்கினாள். முதலில் மேலே வழி திறந்தால்தான் கீழே இருப்பது நகரும் என்றாள். பிறகு பட்டை. விரல்களுக்குத் தனித்தனியாக மெல்லிய பட்டை, கைக்குப் பருத்தி உறை, அதன் மேல் பஞ்சு, அதன் மேல் நீளாத துணிப்பட்டை மூன்று சுற்று. மணிக்கட்டில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைய வேண்டும். இரண்டே தடவை பார்த்ததில் கிளாடிஸ் அதைக் கற்றுக்கொண்டாள். துணியின் இழுவை அவளுக்குப் புதிதல்ல.

வெயில் காலத்தில் அந்தப் பட்டைக்குள் கை வெந்தது. அரித்தது. பிய்த்து எறிந்துவிடலாம் போல இருக்கும்போதெல்லாம் காந்திபுரத்துப் பேனரை நினைத்துக்கொள்வாள். கடைச் சுவரில் விரலால் ஏறும் பயிற்சி. விரல் எட்டிய இடத்தில் தையல் சாக்கட்டியால் கோடு போட்டாள். வாரம் அரை அங்குலம் கோடு ஏறியது. ஊசி குத்தினால் மறுபடி கிருமி புகும் என்பதால் விரலுக்கு உலோகக் குப்பி மாட்டிக்கொண்டாள். தினமும் களிம்பு தடவித் தோலைக் காத்தாள். ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ வலது கையை யாரிடமும் நீட்டவில்லை. கத்தரிக்கோலின் வளையத்தைப் பட்டறையில் கொடுத்துப் பெரிதாக்கி, பஞ்சு சுற்றிக்கொண்டாள். தனக்கு வலக்கை ஒரு அளவும் இடக்கை ஒரு அளவுமாக ஆறு ஜாக்கெட் தைத்துக்கொண்டாள். டேப்பில் அளவு இறங்கிக்கொண்டே வந்தது: பதினாறரை, பதினைந்தேமுக்கால், பதினான்கரை, பதிமூன்றரை.

கோவிலில் பாதர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்பதைப் பற்றிச் சொன்னார். "நான் பொய் சொல்ல மாட்டனுங்க பாதர்" என்றாள் அவள். பூசையில் எல்லோரும் சேர்ந்து செபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய வரி வந்தால் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எட்டாவது மாதம் கை தோள் உயரத்துக்கு எழும்பியது. அடுத்த வியாழக்கிழமை அவள் யாருக்கும் சொல்லாமல் சத்தியமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள். வியாழன்தான் சாய்சரண் ஆட்களைப் பார்க்கும் நாள். முற்றத்தில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் வெளியே வந்து கைகூப்பியபோது கிளாடிஸ் நேராகப் போய், உறை போட்ட வலது கையை ஓங்கிக் கன்னத்தில் அறைந்தாள்.

நல்ல சத்தம்.

அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கண்ணில் நீர் ததும்ப மறுபடியும் கைகூப்பினார். "பாவம். சீக்குல புத்தி கலங்கிருக்குது. யாரும் இவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. இந்த அடியை நான் ஆசீர்வாதமா எடுத்துக்கறேன்."

கூட்டம் கிளாடிஸ் மேல் பாய்ந்தது. ஒருத்தி தலைமுடியைப் பிடித்து இழுத்தாள். வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இரண்டு நாளில் அது வீடியோவாகப் போன் போனாகச் சுற்றியது. அடுத்த வியாழன் முற்றத்தில் எழுபது பேர்.

அறைந்ததில் கிளாடிஸின் கை மறுபடி ஒரு அங்குலம் வீங்கியது. லாஸ்யா பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். "அறைஞ்சாச்சு. ஆறிருச்சா அக்கா?"

"இல்ல கண்ணு. கொசுவை அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அவள் யோசித்தாள். அவனுக்கு வலிப்பது கன்னத்தில் இல்லை. அந்தக் கூட்டத்தில்தான் அவன் உயிர் இருக்கிறது. அந்தக் கூட்டத்தை அவனிடமிருந்து பிடுங்க வேண்டும்.

மையத்துக்கு எதிரே பங்காரம்மா என்பவளின் இட்லிக் கடை. அடுத்த வியாழன் கிளாடிஸ் அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். இட்லி சாப்பிட வரும் நோயாளிகளிடம் உறையைக் கழற்றிக் கையைக் காட்டினாள். "அம்மணி, அந்தப் பேனர்ல இருக்கற கை இதுதானுங்க. தழும்பைப் பாருங்க. இந்த ஏழு கீறலு அந்தாளு போட்டது." வேண்டுமென்று கேட்டவர்களுக்கு லாஸ்யா இருக்கும் பிரிவின் விவரத்தை எழுதிக் கொடுத்தாள்.

பங்காரம்மாவுக்குக் கோபம். "ஏனம்மா, அவங்க வந்தாத்தான் எனக்குப் பொழப்பு. வேற எடம் பாருங்க."

"என்ற கை அந்தாளு போட்டோ எடுக்கறதுக்கு மட்டுந்தான்னு ஆயிப்போச்சுங்க. நான் இங்கதான் உக்காருவேன்."

மழையில் பங்காரம்மா பெஞ்சை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். கிளாடிஸ் வெளியே குடை பிடித்து நின்றாள். நான்காவது வாரம் பங்காரம்மாவே பெஞ்சை வெளியே நகர்த்திப் போட்டாள்.

சிலர் திரும்பிப் போனார்கள். பலர் கேட்கவில்லை. வீடியோவில் வந்த பைத்தியம் என்று ஒதுங்கினார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், "உங்க ஒருத்தர் பேச்சை வெச்சு எப்படிம்மா? குணமானவங்கன்னு அம்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்றார்கள். அப்போதுதான் அவளுக்குத் தன் தொழில் ஞாபகம் வந்தது. டேப்பும் அளவு நோட்டும் கொண்டு போனாள். உள்ளே போகிற பெண்களை, "சும்மா அளந்து வெச்சுக்கலாமுங்க, எத்தனை எறங்குதுன்னு உங்களுக்கே தெரியுமில்லீங்க?" என்று கேட்டு, கையிலும் காலிலும் ஐந்து இடத்தில் அளந்து, பெயரும் தேதியும் போட்டு எழுதினாள். பதினோராம் நாள் அவர்கள் வெளியே வரும்போது பங்காரம்மா போன் போடுவாள். கிளாடிஸ் பஸ் ஏறி வந்து மறுபடி அளப்பாள். டெய்லர் அளவெடுப்பதற்கு யாரும் சந்தேகப்படுவதில்லை.

மாசாணியம்மாள் வந்தது அப்படி ஒரு வியாழனில்தான். புளியம்பட்டிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறவள். ஐம்பது வயதிருக்கும். அதே நோய், அதே ஆபரேஷன்; இடது கை வீங்கியிருந்தது. அவள் பேனரையும் கிளாடிஸையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"போலாங்களா, வேண்டாங்களா? நீங்க சொல்லுங்கக்கா" என்று கேட்டாள்.

நோட்டில் அன்று வரை இரட்டை அளவு பதினைந்து பேருக்குத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு முதற்கொண்டு எல்லாம் சரியாக வைத்திருந்த, தன்னைப் போலவே அறுபட்ட ஒருத்தி அதில் இல்லை. கிளாடிஸ் டேப்பை எடுத்தாள். அளந்தாள். எழுதினாள். "எனக்கு அங்க நல்லா ஆகலைங்க. மத்தபடி உங்க இஷ்டமுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். உறையைக் கழற்றிக் கீறல்களைக் காட்டவில்லை.

மாசாணியம்மாள் உள்ளே போனாள். நான்காம் நாள் பங்காரம்மாவிடமிருந்து போன். "ஓடியாங்க, அந்தப் புளியம்பட்டிக்காரம்மாவைப் பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து போட்டிருக்காங்க. ஒடம்பு தீயாட்டம் கொதிக்குது."

"நான் வந்து சேர மூணு மணி நேரம் ஆகுமுங்க. ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க. நீங்களே ஏறி, கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க" என்று கத்தினாள் கிளாடிஸ். பங்காரம்மா கடையை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏறினாள். ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்த கிளாடிஸ், வண்டியிலிருந்து இறக்கப்பட்டவளின் கையைப் பார்த்தாள். ஐந்து கீறல். தன்னுடைய கையையே மறுபடி பார்க்கிற மாதிரி இருந்தது.

மாசாணியம்மாள் பிழைத்துக்கொண்டாள். கண் விழித்த மூன்றாம் நாள் கிளாடிஸ் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "நான் உங்களைத் தடுத்திருக்கோணும். எனக்கு உங்க அளவு வேணும்னுதான் வாயை அடக்கிட்டேன்."

மாசாணியம்மாள் கட்டுப் போட்ட கையை இழுத்துக்கொண்டாள். "அவனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசமுங்க?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கிளாடிஸ் அதற்காக நிறுத்தவில்லை. வெறி இன்னும் கூடியது. இப்போது அதில் தன் மேல் உள்ளதும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு ஒருத்தியையும் அவள் பேசாமல் உள்ளே விடவில்லை. கதவுக்குக் குறுக்கே நின்று கையைக் காட்டினாள். பங்காரம்மாவும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கூட வந்து நின்றாள். மாசாணியம்மாளோடு சேர்த்து இருந்த பதினாறு பேரின் அளவையும், இரண்டு பேரின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளையும், பேனரின் படத்தையும் லாஸ்யா வரிசைப்படுத்திக் கொடுத்தாள். பதினாறு பேரில் ஒருவருக்கும் ஒரு நூல்கூட இறங்கவில்லை. பதினொரு பேருக்கு ஏறியிருந்தது. மாவட்ட சுகாதார அதிகாரியின் மேசையில் அந்த நோட்டைக் கிளாடிஸ் விரித்து வைத்தாள். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இதை யாரும்மா எடுத்தது?" என்று கேட்டார். "நாந்தானுங்க. ஜாக்கெட் தைக்கறவ" என்றாள்.

சோதனைக்கு ஆட்கள் போவதற்கு இரண்டு நாள் முன்னால் எப்படியோ விஷயம் தெரிந்து சாய்சரண் மதுக்கரைக்கே வந்துவிட்டார். மத்தியான நேரம். ஜிப்பா இல்லை, சாதாரணச் சட்டை. கடைப் படியில் நின்றுகொண்டு முதலில் மிரட்டிப் பார்த்தார். அவள் மிஷினை நிறுத்தவில்லை. பிறகு குரல் உடைந்தது.

"எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைக இருக்குதுங்கம்மா. தலை காட்ட முடியாமப் போயிரும். ஒரு வார்த்தை, தப்பா எழுதிட்டேன்னு சொல்லிப்போடுங்க. உங்க கால்ல உழறேன்."

கிளாடிஸ் தைத்துக்கொண்டிருந்த கையை முடித்து, நூலை அறுத்து, பிறகுதான் நிமிர்ந்தாள்.

"என்னைப் பஸ் ஸ்டாண்டுல போட்டப்ப என்ற ஊட்டுக்காரரு நாலு தடவை போன் போட்டாரு. நீங்க எடுக்கலை. இப்ப நானும் எடுக்கலைன்னு நெனச்சுக்கங்க. போயிட்டு வாங்க."

அவர் நிஜமாகவே படியில் விழுந்து கும்பிட்டார். மளிகைக் கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவர் எழுந்து போகும்வரை அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவள் கோழி எடுத்து வரச் சொல்லிக் குழம்பு வைத்ததாக ஜெரால்டு பின்னால் சொல்லுவான்.

மையத்தைப் பூட்டி சீல் வைத்தார்கள். டாக்டர் பட்டமோ பதிவோ எதுவும் அவரிடம் இல்லை. வழக்கு ஒன்றரை வருடம் ஓடியது. வாய்தா வாய்தாவாக கிளாடிஸ் போனாள். ஒரு வாய்தாவையும் விடவில்லை. கையெழுத்துப் போட்ட ஐம்பது பேரில் ஒருத்தரும் சாட்சிக்கு வரவில்லை. கிளாடிஸ் தரப்பிலும் பலர் பின்வாங்கினார்கள். மாசாணியம்மாள் ஆஸ்பத்திரியை விட்டுப் போனதிலிருந்து அவளோடு பேசவே இல்லை. விசாரணை நாளில் கோர்ட்டு வேப்பமரத்தடியில் அவள் தனியாக வந்து நின்றதைப் பார்த்து கிளாடிஸ் எழுந்து போனாள்.

"உங்களுக்காக வரலைங்க" என்றாள் மாசாணியம்மாள். "என்ற கைக்காக வந்தேன்."

கூண்டில் கிளாடிஸை எதிர்த்தரப்பு வக்கீல் வெகுநேரம் துருவினார். அறைந்த வீடியோவைக் காட்டினார். எத்தனை வியாழன் போனாள், யார் அனுப்பினார்கள் என்று கேட்டார். கடைசியில் குரலை உயர்த்தி, "பொதுநலமெல்லாம் ஒண்ணுமில்லை. என் கட்சிக்காரரைப் பழிவாங்கத்தானே இத்தனையும் செஞ்சீங்க?" என்றார்.

"ஆமாங்க" என்றாள் கிளாடிஸ்.

வக்கீல் அதை எதிர்பார்க்கவில்லை.

"பழிவாங்கத்தானுங்க. இல்லைன்னு நான் எங்கியும் சொல்லலை. ஆனா அளவு சரியான அளவுங்க. வேணும்னா இப்ப டேப்பு வெச்சுப் பாத்துக்கங்க." வலது கையின் உறையைக் கழற்றி நீட்டினாள். அவளுக்குப் பிறகு கூண்டேறிய மாசாணியம்மாளும் கேட்பதற்கு முன்னாலேயே முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள்.

இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு செய்வார், இடையில் ஜாமீனும் கிடைக்கும் என்றார்கள். மையம் திறக்காது, அது மட்டும் உறுதி. சாய்சரணைப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனபோது கிளாடிஸ் படிக்கட்டில் நின்று, அவர் முகம் மறையும்வரை பார்த்தாள். போதுமென்று தோன்றவில்லை. ஆனால் பசித்தது. பங்காரம்மாவின் கடையில் எட்டு இட்லி சாப்பிட்டாள். மையம் மூடியதில் பங்காரம்மாவுக்கு வியாபாரம் பாதியாகிவிட்டது.

இப்போது கிளாடிஸின் கை நல்ல நாளில் பன்னிரண்டேமுக்கால், சித்திரை வெயிலில் பதிமூன்றரை. காலையில் எழுந்ததும் மூச்சுப் பயிற்சி, கைப் பயிற்சி, பிறகு உறை. படுக்கப் போகும்போது பட்டை. கல்யாண ஜாக்கெட் வாரத்துக்கு மூன்றுக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. மாதம் ஒருமுறை லாஸ்யா புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து, பட்டை கட்டக் கற்றுக்கொடுக்க அவளைக் கூப்பிடுகிறாள். வாழ்நாள் முழுக்க என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு முகம் செத்துப்போன பெண்ணை அவள் கூட்டத்தில் உடனே கண்டுபிடித்துவிடுவாள். அவள் பக்கத்தில்தான் போய் உட்காருவாள்.

தீர்ப்பு வந்த அன்று திரும்பும் பஸ்ஸில் மாசாணியம்மாளுக்கும் அவளுக்கும் ஒரே சீட்டுதான் கிடைத்தது. பாதி வழி வரை இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். புளியம்பட்டி வர இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது மாசாணியம்மாள் தன் இடது கையை எடுத்து கிளாடிஸின் மடியில் வைத்தாள். பட்டை மணிக்கட்டில் தளர்ந்து சுருண்டிருந்தது.

"எனக்கு இது நிக்கவே மாட்டேங்குதுங்க" என்றாள்.

"மேல எச்சா இழுத்துக் கட்டறீங்க, அதுதான்" என்று கிளாடிஸ் முழுப் பட்டையையும் பிரித்து, விரலிலிருந்து மறுபடி கட்டத் தொடங்கினாள்.